மொரிஸ் மைனரில் ஊற்றிய பாதி டின்

பெயர்: மைக்கல் நோபர்ட். வயது: 43. தொழில்: கராஜ் பாஸ், அதாவது வாகனம் திருத்துபவர். மதம்: கத்தோலிக்கம். பிறந்த இடம்: எல்கடுவ, தோட்ட லயம். தற்போதைய முகவரி: ரத்தோட்டை வீதி, மாத்தளை. தமிழில் சொல்லப்பட்டது, தமிழிலேயே எழுதப்பட்டது.

1989 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், ரத்தோட்டை வீதியிலுள்ள ஜவாஹிர் முதலாளியின் கராஜில் மூன்று பேர் கூடி, நீண்ட விவாதத்தின் பின், ஒருவரின் ஆட்சேபனையோடு, 1 ஸ்ரீ 4417 இலக்க மொரிஸ் மைனர் காரின் எஞ்சின் ஒயிலுக்குள் வெளிநாட்டு மருந்து பாதி டின் ஊற்றுவது என்று முடிவெடுத்தோம். அந்த மாதத்தில் நாட்டில் வேறு முடிவுகளும் எடுக்கப்பட்டன. அவை எங்களைக் கேட்டு எடுக்கப்பட்டவை அல்ல. எங்கள் கையில் இருந்த முடிவு இது ஒன்றுதான் என்பதால் இதில் மிகுந்த கவனம் செலுத்தினோம்.

அந்த மூவரில் நான் ஒருவன். கராஜ் உரிமையாளர் ஜவாஹிர் ஒருவர். மூன்றாமவர் காரின் உரிமையாளர் சிவராசா. யாழ்ப்பாணத்தைச் சொந்த இடமாகக் கொண்டவர், வயது ஐம்பத்திரண்டு, நாவுலயில் வாய்க்கால், மதகு வேலைகளைப் பார்க்கும் அரசாங்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அவரை நான் ஐயா என்றே அழைப்பது வழக்கம். இங்கும் அப்படியே சொல்கிறேன். முடிவெடுத்த நாளுக்கு மறுநாள் முதல் ஐயா வீடு திரும்பவில்லை. அவருடைய மனைவி ஞானாம்பிகை ரீச்சர் அது பற்றி முறையிட இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தபோது, ஆட்கள் காணாமற்போவது பற்றிய முறைப்பாடுகள் தற்சமயம் எழுதப்படுவதில்லை என்றும், வாகனம் பற்றியதென்றால் எழுதலாம் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. ரீச்சர் கணக்குப் படிப்பிப்பவர். சற்று நேரம் வாங்கில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, தன் கணவரின் கார் பழுதடைந்த விதத்தை விசாரிக்கும்படி முறைப்பாடு கொடுத்தார். அதன் பேரிலேயே நான் அழைக்கப்பட்டுள்ளேன். காரைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும் என்று எனக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது. காரைப் பற்றியே சொல்கிறேன்.

கார் 1958 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, சாம்பல் நிறம், நாலு கதவு. ஐயா அதை வாங்கிய சில காலத்துக்குள் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுவிட்டது. ஒயில் கிடைக்காத அந்த வருடங்களில் இந்த எஞ்சின் கியர் ஒயில், நெல் குத்தும் மெஷினில் கழித்த ஒயில், துணியில் வடித்த பஸ் ஒயில் ஆகியவற்றைக் குடித்து உயிர் வாழ்ந்தது. அக்காலத்துப் பழக்கம் ஒன்று எங்கள் தொழிலில் இன்றும் உண்டு. நாங்கள் ஒயிலைக் கழற்றி எறிவதில்லை. குறைந்தால் ஊற்றுவோம். ஒரு காரில் கழற்றினால் இன்னொரு காருக்கு ஊற்றுவோம். அங்கும் கழற்ற நேர்ந்தால் வாசல் கேட்டின் பிணைச்சலுக்குப் பூசுவோம். கடைகளில் ஒயில் தாராளமாக வந்து பன்னிரண்டு வருடமாகியும் ஒயிலை ஊற்றி எறிபவனைக் கண்டால் சோற்றை எறிபவனைக் கண்டது போல எங்களுக்குப் பொறுக்காது. இதனால் எஞ்சினுக்குள் மண்டி படியும். பாகாகக் காய்ச்சிய கித்துள் பாணி போலத் தடித்த கறுப்பு மண்டி. தேய்ந்த இடங்களில் அது நின்றுகொண்டு, அங்கு இல்லாத இரும்பின் வேலையைப் பார்க்கும்.

செப்டெம்பர் மாதத்தில் ஐயா என்னிடம் வந்து, "பாஸ், நாவுலப் பக்கம் போகேக்க ஒரு மணம் மணக்குது. றப்பர் எரியிற மாதிரி. என்ர காரோ எண்டு ஒருக்காப் பாரும்" என்றார். நான் காரில் ஏறி அவருடன் நாவுல வீதியில் போனேன். சிறிது தூரத்தில் அந்த மணம் வந்தது. காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அணைத்த பின்னும் மணத்தது. இறங்கி முன்னே நடந்து பார்த்தேன். மதகுக்குப் பக்கத்தில் டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. டயர்களுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவரின் கால் எரியவில்லை. அதில் பாட்டா செருப்பு இருந்தது. திரும்பி வந்து, இது காரின் கோளாறு அல்ல என்று ஐயாவுக்கு அறிவித்தேன். அவர் நன்றி சொன்னார்.

ஆனால் காருக்கும் கோளாறு இருக்கவே செய்தது. நீலப் புகை வந்தது. ஏற்றத்தில் இழுக்கவில்லை. எஞ்சினுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போன்ற சத்தம் இருந்தது. அந்த நாட்களில் வேலைக்குப் போனால் சாவு என்று ஐயாவின் கந்தோர்ச் சுவரில் கிளர்ச்சிக்காரரின் ஒரு தாளும், வேலைக்கு வராவிட்டால் வேலை இல்லை என்று கந்தோருக்குள் அரசாங்கத்தின் ஒரு தாளும் ஒட்டப்பட்டிருந்தன. ஐயா இரண்டையும் வாசித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பஸ் ஓடாத நாட்களே அதிகம். ஆகவே எல்லாம் அந்த எஞ்சினில் தங்கியிருந்தது.

அதன் பிறகு ஜவாஹிர் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு பெட்டி மருந்து டின் கொண்டுவந்தார். டின்னின் மேல் குறுக்காக வெட்டிய எஞ்சின் ஒன்று வெள்ளிப் பாத்திரம் போலப் பளபளத்தது. அழுக்கைக் கரைக்கும், சத்தத்தை நிறுத்தும், ஆயுளைக் கூட்டும் என்று எழுதியிருந்தது. இதை ஊற்றலாமா கூடாதா என்ற விவாதம், ஊரடங்கு நேரங்கள் நீங்கலாக, இரண்டு கிழமை, பதினான்கு நாளும், நடந்தது. கடைசி நாள் பேச்சில் எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன்.

ஜவாஹிர் முதலாளி, "சேர், ஒங்கட எஞ்சின் பல்லு வெளக்காத வாய் மாதிரி ஈக்கிது. இத ஊத்துங்க, உள்ளுக்கு மினுங்கும்" என்றார்.

"வாய் நாறினாலும் சாப்பிடேலும் முதலாளி. பல்லு முழுக்கக் கொட்டினா என்ன செய்யிறது?" என்றார் ஐயா.

நான், "ஊத்தித்தான் பாப்போமே ஐயா. இப்ப ஓடுறது என்னா ஓட்டமுங்க? பாதி ஓட்டம், பாதி தள்ளு. முழு டின்னையும் ஊத்துவோம்" என்றேன்.

"நீரும் அவற்ற கட்சியே பாஸ்?"

"கட்சி கிட்சி பேசாதீங்க சேர்" என்றார் முதலாளி. "ரோட்டுல போறவன் கேட்டா மூணு பேருக்கும் வெடி வெப்பான்."

ஐயா சிரிக்கவில்லை. முப்பது வருடம் ஒன்றும் ஊற்றாமல் ஓடிய எஞ்சின் இது, ஓடுகிறதைத் திருத்தக்கூடாது என்றார். மனிதனும் முப்பது வருடம் மருந்தில்லாமல் ஓடுகிறான், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிதான் என்றார் முதலாளி. மருந்தென்றால் நோய் என்னவென்று தெரிந்திருக்கவேண்டும் என்றார் ஐயா. அதற்கு நான், "ஐயா, நாளைக்கு நாவுல ரோட்டுல இது நின்னுச்சுன்னா நீங்க எறங்கி நடக்கணுமுங்க" என்றேன். ஐயா ஒயில் கோலை இழுத்துத் துணியில் துடைத்துப் பார்த்தார். அதன் பிறகு, "பாதி டின். அதுக்கு மேலை ஒரு துளியும் வேண்டாம்" என்றார். முழு டின் கேட்டவர்களுக்கும் ஒன்றும் ஊற்றவேண்டாம் என்றவருக்கும் இடையில் இது நியாயமான தீர்வு என்று மூவருக்கும் பட்டது.

டின்னில் இங்கிலிசில் எழுதியிருந்ததை ஐயா வாசித்தார். முதலாவது, ஊற்றவும். இரண்டாவது, எஞ்சினைக் கால் மணித்தியாலம் சும்மா ஓடவிடவும். மூன்றாவது, ஒயில் முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டுப் புது ஒயில் ஊற்றவும். மூன்றாவதை வாசித்ததும் ஜவாஹிர் முதலாளி, "அது ஒயில் கொம்பனிக்காரன் காசு குடுத்து எழுதுவிச்சது சேர்" என்றார். நானும் அதையே சொன்னேன். ஐயா, "இதிலை மட்டும் உங்களோடை நான் ஒத்துப்போறன்" என்றார். இரண்டு கிழமை விவாதத்தில் மூவரும் மாறுபாடின்றி ஒப்புக்கொண்ட விடயம் இது ஒன்றே.

அதன் பிறகு நான் பாதி டின்னை ஊற்றினேன். எஞ்சினை ஓடவிட்டேன். ஒயிலைக் கழற்றவில்லை. மீதிப் பாதி டின்னைத் துணியால் அடைத்துத் தட்டில் வைத்தேன். கார் அன்றிரவு கராஜில் நின்றது.

மறுநாள் காலை ஐயா சாப்பாட்டுக் கரியரும் குடையுமாக வந்து காரை ஸ்டார்ட் செய்தார். எஞ்சினில் சத்தமே இல்லை. ஜவாஹிர் முதலாளி காதில் கைவைத்து, "எங்க சேர், எஞ்சினக் களவெடுத்திட்டானுகளா?" என்று கேட்டார். ஐயா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் கண்டது அப்போதுதான்.

அவர் சிரித்துக்கொண்டிருக்கையில் இலக்கத் தகடு இல்லாத வேன் ஒன்று கொதித்த ரேடியேட்டருடன் கராஜுக்குள் வந்து நின்றது. ஷேர்ட்டும் காற்சட்டையும் அணிந்த இருவர் இறங்கினார்கள். ஒருவரிடம் நீளத் துப்பாக்கியும் மற்றவரிடம் பிஸ்டலும் இருந்தன. தாங்கள் யாரென்று அவர்கள் சொல்லவில்லை. அந்த மாதத்தில் அப்படிக் கேட்பது வழக்கத்தில் இருக்கவில்லை. அவர்கள் சிங்களத்தில் பேசினார்கள், நாங்களும் சிங்களத்தில் பேசினோம். மொழி தொடர்பாக எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் ஏற்படவில்லை. பிஸ்டல்காரர் வேனைப் பார்த்தார், மைனரைப் பார்த்தார், சாவியைக் கேட்டார்.

ஐயா சாவியைக் கொடுக்கவில்லை. வேறு ஆள் இதை ஓட்ட முடியாது, இரண்டாம் கியர் வெளியே பாயும், கையால் பிடித்துக்கொண்டே ஓட்டவேண்டும் என்றார். இது உண்மை. தன் தம்பிக்கும் அவர் காரைக் கொடுத்ததில்லை. பிஸ்டல்காரர், "அப்படியானால் நீயே ஓட்டு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பாஸ் உன்னஹேயும் ஏறுங்கள், வழியில் நின்றால் யார் பார்ப்பது?" என்றார். உன்னஹே என்று மரியாதையாகவே கேட்டார். முதலாளியிடம் வேனைத் திருத்தி வைக்கும்படி சொல்லப்பட்டது.

அதன் பிறகு வேனுக்குள் இருந்த ஒருவரை இழுத்து மைனருக்கு மாற்றினார்கள். அவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். இடுப்பில் சாரம் மட்டும் கட்டியிருந்தார். கைகள் முன்பக்கமாகக் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. கைகளில் நகம் இருக்கவேண்டிய இடங்களில் நகம் இருக்கவில்லை. அவரைப் பின் ஆசனத்தின் கீழே குறுக்காகப் படுக்கவைத்தார்கள். ஐயா ஓட்டினார். பிஸ்டல்காரர் முன்னால் இருந்தார். துப்பாக்கிக்காரரும் நானும் பின்னால் இருந்தோம். மைனரில் பின்னால் கால் வைக்கும் இடம் குறைவு. துப்பாக்கிக்காரர் கீழே கிடந்தவரின் கழுத்தில் கால் வைத்தார். நான் என் கால்களை அவர்மேல் படாமல் தூக்கிப் பிடித்திருந்தேன். ரத்தோட்டை கடக்கும் வரை அப்படிப் பிடித்திருந்தேன். அதற்குப் பிறகு முடியவில்லை.

எங்கே போகவேண்டும் என்று ஐயா கேட்டார். மேலே என்று சொல்லப்பட்டது. ரிவர்ஸ்டன் மலை ஏற்றத்தில் பாரத்துடன் கார் நன்றாகவே இழுத்தது. நான் எதிர்பார்க்கவில்லை. கீழே கிடந்தவர் என் கணுக்காலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சொல் சொன்னார். "நாவுல" என்றார். ஊரைச் சொன்னார் என்று நினைக்கிறேன். பெயரைச் சொல்லத் தொடங்கியபோது துப்பாக்கிக்காரர் காலை அழுத்தினார். அந்தப் பெயர் எனக்குத் தெரியாது.

தேயிலை முடிந்து பனி மூட்டம் தொடங்கும் இடத்தில் டாஷ்போர்டில் ஒயில் லைட் எரிந்தது. ஐயா உடனே காரை ஓரங்கட்டி நிறுத்தினார். ஏன் நிறுத்தினாய் என்று பிஸ்டல்காரர் கேட்டார். ஒயில் லைட் எரிந்தால் நிறுத்தவேண்டும் என்று ஐயா சொன்னார். பிஸ்டல்காரர் பிஸ்டலை அவர் நெற்றிப் பொட்டில் வைத்து ஓட்டச் சொன்னார். ஐயா பிஸ்டலைப் பார்க்கவில்லை, லைட்டைப் பார்த்துக்கொண்டு, "சுடுறதெண்டால் சுடட்டும் பாஸ், ஆனா லைற் எரிய ஓட்டேலாது எண்டு நீரும் சொல்லும்" என்று தமிழில் என்னிடம் சொன்னார்.

பிஸ்டல்காரர் என்னிடம் காரணம் கேட்டார். நான் எஞ்சினுக்குப் பாதி டின் மருந்து ஊற்றப்பட்டதையும் மண்டி கரைந்து ஒயில் குழாயின் சல்லடையில் அடைத்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். அவர், "மருந்து ஊற்றிவிட்டு ஒயிலைக் கழற்றினீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. அதுவரை எல்லாவற்றையும் அவர் அமைதியாகவே செய்திருந்தார். "என் அப்பா லொறி வைத்திருந்தவர். கரைத்த ஊத்தையை உள்ளேயே விடுகிறவன் மனிதனா? ஒரு எஞ்சினை இப்படிக் கொல்லலாமா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து, பிஸ்டல் பிடியால் என் வாயில் அடித்தார். மேல் வரிசையில் இரண்டு பற்கள் விழுந்தன. தொழில் முறையில் அவர் சொன்னது சரி.

அதன் பிறகும் ஓட்டும்படி உத்தரவிடப்பட்டது. ஐயா ஓட்டினார். அடுத்த வளைவில் எஞ்சின் ஒரு தடவை டக்கென்று சத்தமிட்டு இறுகி நின்றது. கார் வீதியின் நடுவில் நின்றது. மேலிருந்து லொறி ஏதும் வந்தால் மோதும் என்பதால் ஓரத்துக்குத் தள்ளவேண்டியிருந்தது. ஏற்றம் என்பதால் மூன்று பேரால் அசைக்க முடியவில்லை. அதனால் கீழே கிடந்தவரை வெளியே எடுத்து, கைக்கம்பியை அவிழ்த்து, அவரையும் தள்ளச் சொன்னார்கள். ஐயா ஸ்டியரிங்கைப் பிடித்தார். அந்த மனிதர் என் பக்கத்தில் நின்று எங்களுடன் சேர்ந்து நன்றாகவே தள்ளினார். கார் ஓரம் சேர்ந்ததும் பிஸ்டல்காரர் சக்கரத்துக்குக் கல் வைக்கக் குனிந்தார். துப்பாக்கிக்காரர் தள்ளிய களைப்பில் துப்பாக்கியைக் காரின் கூரையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். அந்த மனிதர் வீதி ஓரத்துக்கு நடந்து போய், மானாப்புல் சரிவில் காலை வைத்து, பனிக்குள் இறங்கிவிட்டார். ஓடவில்லை. நடந்தே போனார்.

இருவரும் பனியைப் பார்த்துச் சுட்டார்கள். குண்டு தீரும் வரை சுட்டார்கள். பிறகு புதுக் குண்டு போட்டுக்கொண்டு கொஞ்சத் தூரம் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார்கள். அந்த மனிதருக்குக் குண்டு பட்டதா, பிழைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. கீழிருந்து அலறல் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு பிஸ்டல்காரர் எங்கள் இருவரையும் முழங்காலில் இருத்தி, "எஞ்சினுக்குள் அதை ஊற்றியது யார்?" என்று கேட்டார். என் வாயில் இரத்தம் நிறைந்திருந்தது. துப்பிவிட்டுப் பதில் சொல்லலாம் என்று துப்பினேன். நான் துப்பும் நேரத்துக்குள் ஐயா, "நான்தான்" என்று சொல்லிவிட்டார். என் கார், என் எஞ்சின், நான் ஊற்றினேன், பாஸுக்கு விருப்பமில்லை என்றார். அவர் சொன்னது முழுப் பொய். இரண்டு கிழமையாக அதை ஊற்றவேண்டாம் என்று சொல்லிவந்த ஒரே ஆள் அவர்தான்.

வேலை என்ன என்று கேட்கப்பட்டது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்றார். ஊர் எது என்று கேட்கப்பட்டது. அதையும் சொன்னார். இந்த வளைவில் நிற்கும்படிதான் ஊற்றினாயா என்று கேட்கப்பட்டது. எந்த வளைவில் நிற்கும் என்று யாராலும் கணக்கிட முடியாது, எத்தனை பேர் ஏறுவார்கள், ஏற்றம் எவ்வளவு, மண்டி எவ்வளவு என்பதெல்லாம் முதலில் தெரியவேண்டும் என்று ஐயா விளக்கத் தொடங்கினார். பிஸ்டல்காரர் கவனமாகக் கேட்டுவிட்டு மற்றவரிடம், "பார்த்தாயா, கணக்குப் போட்டிருக்கிறான்" என்றார்.

பிறகு அடித்தார்கள். துப்பாக்கியின் பின்பக்கத்தால் முதுகிலும் விலாவிலும் அடித்தார்கள். கண்ணாடி விழுந்தது. ஐயா தடவித் தேடினார். தேடிய கையை மிதித்தார்கள். விரல் முறியும் சத்தம், எஞ்சின் இறுகியபோது கேட்ட சத்தத்தைவிடச் சிறியது. நான் எதுவும் செய்யவில்லை. ஊற்றியது நான் என்று ஒரு தடவை சொன்னேன். வாய் வீங்கியிருந்ததால் அது யாருக்கும் விளங்கவில்லை என்றோ, விளங்கியும் தேவைப்படவில்லை என்றோ நினைக்கிறேன்.

மலைக்கு அப்பாலுள்ள தோட்டத்தின் தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று மேலிருந்து வந்தது. அதை மறித்து, ஐயாவைக் கொழுந்துச் சாக்குகளின் மேல் ஏற்றினார்கள். ஐயா சாக்கில் சாய்ந்தபடி என்னைப் பார்த்து, "பாஸ், நீர் சொன்னதுதான் சரி. முழு டின்னையும் ஊத்தியிருக்கோணும். இன்னும் ரெண்டு வளைவு கீழையே நிண்டிருப்பம்" என்றார். துப்பாக்கிக்காரர் அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். காரைப் பற்றிச் சொன்னார் என்றேன்.

போகும்போது பிஸ்டல்காரர் என்னிடம், "ஒயிலைக் கழற்றிச் சுத்தமாக்கி வை. திரும்பி வருவோம்" என்றார். லொறி கீழ்நோக்கிப் போனது. நான் காருக்கு அடியில் படுத்து ஒயிலைக் கழற்றினேன். வேறு பாத்திரம் இல்லாததால் ஐயாவின் சாப்பாட்டுக் கரியரில் இருந்த சோற்றை இலையில் கொட்டிவிட்டு அந்தத் தட்டுகளில் பிடித்தேன். மிகுதி வீதியில் ஓடியது. ஒயில் தங்கும் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தபோது சல்லடை முழுவதும் மண்டியால் மூடியிருந்தது. விரலால் வழித்துச் சுத்தமாக்கினேன். அவர்கள் திரும்பி வரவில்லை. மாலையில் கீழே இறங்கி நடந்தேன்.

ஞானாம்பிகை ரீச்சரிடம் சாவியையும், ஒரு பக்கம் உடைந்த கண்ணாடியையும், கழுவிய கரியரையும் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். ரீச்சர் ஒன்றுதான் கேட்டார். "லைற் எரிஞ்ச உடனை நிப்பாட்டினவரோ?"

"ஆமாங்க டீச்சர். உடனே நிப்பாட்டினாரு" என்றேன்.

"அவர் நிப்பாட்டுவார்" என்றார். அதன் பிறகு கரியரை மோந்து பார்த்துவிட்டு, சவர்க்காரம் போட்டு மறுபடி கழுவினார். நான் இருந்த நேரம் முழுவதும் கழுவிக்கொண்டிருந்தார்.

என் மனைவி மார்ஜரி, பொலிசில் என்ன ஊற்றினேன் என்பதை மட்டும் சொல்லும்படியும் ஐயாவை யார் ஏற்றிச் சென்றார்கள் என்பதைச் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். அவளுடைய பேச்சின்படி நடப்பதாகவே வீட்டிலிருந்து புறப்பட்டேன்.

கேள்வி: காருக்குள் மருந்து ஊற்றியது யார்?

பதில்: நான். சிவராசா ஐயா அல்ல. அவர் சொன்னது பொய் என்பதை எழுதிக்கொள்ளுமாறு கேட்கிறேன்.

கேள்வி: காரில் ஏறியவர்களை அடையாளம் காட்ட முடியுமா?

பதில்: நான் பின்னால் இருந்தேன். முன்னால் இருந்தவரின் பிடரியை அடையாளம் காட்ட முடியும். வலது காதுக்குக் கீழே ஐந்து சதக் காசளவில் ஒரு தழும்பு உண்டு.

அந்தப் பிடரியை அதன் பிறகு இங்கோ வேறெங்குமோ கண்டீரா என்று என்னிடம் கேட்கப்படவில்லை.

கேள்வி: காரிலிருந்து காணாமற்போன பொருட்கள் எவை?

பதில்: மறுநாள் போய்ப் பார்த்தபோது பற்றரியும் முன் டயர் இரண்டும் காரைத் தூக்கும் ஜக்கும் குடையும் இருக்கவில்லை. சாரதி ஆசனத்தில் இருந்த சிவராசா ஐயாவும் இருக்கவில்லை.

கடைசியாகச் சொன்னது பொருள் அல்ல என்று எனக்குச் சொல்லப்பட்டது. காரைப் பற்றி மட்டும் சொல்லும்படி கேட்கப்பட்டேன் என்றும், அந்தக் கார் அவர் இல்லாமல் ஓடாது என்றும், இரண்டாம் கியரைப் பிடித்திருக்க வேறு ஆள் இல்லை என்றும் பதில் சொன்னேன். எழுதுபவர் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அதன் பிறகு எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்டேன். வாசித்தார். ஐயாவின் பெயர் சரியாக எழுதப்பட்டிருந்தது.

நான் வாயால் சொன்னது இவ்வளவே. பல் இல்லாத காரணத்தால் சில சொற்கள் இரண்டு தடவை கேட்டு எழுதப்பட்டன. முழுவதும் எனக்கு வாசித்து விளக்கப்பட்டது; கூட்டவோ குறைக்கவோ எதுவுமில்லை, அனைத்தும் உண்மை என்று ஏற்று, எவருடைய வற்புறுத்தலும் இன்றி இதன் கீழ் ஒப்பமிடுகிறேன்.

ஒப்பம்: மை. நோபர்ட்

கோப்புக் குறிப்பு: சான்றுப் பொருளாகக் கையேற்கப்பட்ட பாதி டின் நிலைய ஜீப்பின் எஞ்சினுக்குப் பயன்படுத்தப்பட்டது. மேற்படி 1 ஸ்ரீ 4417 இலக்க மோட்டார் வாகனத்தை ரிவர்ஸ்டன் வீதியில் கைவிட்டுச் சென்று போக்குவரத்துக்கு இடையூறு விளைவித்தமை, வீதியில் ஒயில் ஊற்றியமை ஆகியவற்றுக்காக அதன் உரிமையாளர் சிவராசா என்பவருக்கு எதிராக வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. அழைப்பாணை வீட்டில் மனைவியிடம் கையளிக்கப்பட்டது. அவர் பெற்றுக்கொண்டு ஒப்பமிட்டார். வழக்குத் தவணைக்கு எதிரியான மேற்படி சிவராசா சமூகமளிக்கவில்லை. அவரைக் கைது செய்து முன்னிலைப்படுத்துமாறு பிடியாணை பிறப்பிக்கப்பட்டுள்ளது.